மிஸ்டர் ரோசெல் எழுதிய ஒரே பொய்

எங்கள் தொழிற்சாலையில் எட்டுப் புள்ளி சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு நாள் வராவிட்டால் ஒரு புள்ளி, பாதி நாள் வராவிட்டால் அரைப் புள்ளி. காய்ச்சலா, சாவா, கார் நின்றுபோனதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் எல்லாருக்கும் பொதுவான நியாயம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாங்களும் சும்மா இருந்தோமா? அதையே ஒரு கௌரவமாக்கிக்கொண்டோம். புள்ளி விழுந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்கிறவன் சாக்குச் சொல்கிறவன். நான் பத்தொன்பது வருடமாகச் சாய்வு நாற்காலிகளுக்குத் துணி இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கிறேன். ஒரு நாளும் ஒரு காரணம் சொன்னதில்லை. அந்த வீம்புதான் என்னை நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தது.

போன அக்டோபரில் என் பெயரில் ஆறரைப் புள்ளி இருந்தது. ஆறே வாரத்தில் சேர்ந்தது. அத்தனையும் மிஸ்டர் ரோசெலுக்காக.

மிஸ்டர் ரோசெல் எங்கள் எதிர்வீட்டுக்காரர். எனக்கு ஏழு வயதானபோது, "மெம்ஃபிஸ்ல ஒரு வேல கெடச்சிருக்கு, ரெண்டு வாரத்துல வந்துர்றேன், புள்ளயப் பாத்துக்குங்க" என்று சொல்லி என்னையும் ஒரு துணிப்பையையும் அவர் வீட்டில் விட்டுவிட்டு என் அம்மா பஸ் ஏறினாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. அவர் அப்போது நாற்பது வயதை நெருங்கிய தனிக்கட்டை. தொடக்கப் பள்ளியில் துப்புரவு வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாதிரியாருக்குத் துணை நிற்கும் டீக்கன். பெண்பிள்ளையின் தலைமுடியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துத் தரை துடைக்கும் மாப்பின் நூலைப் பிரித்துப் பின்னிப் பின்னிப் பழகினார். ஒரு மாதத்தில் சர்ச்சில் மற்ற பெண்களின் அம்மாக்கள் என் தலையை உற்றுப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

எட்டு வயதில் ஒருமுறை அவரை 'டாடி' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு ஒரு அப்பன் டெட்ராய்ட்ல இருக்கான் புள்ள. அவன் நல்லவனோ கெட்டவனோ, அந்தப் பேரு அவனோடது. அடுத்தவன் சட்டைய நான் எடுத்துப் போட்டுக்க மாட்டேன். என் பேரு ரோசெல்."

அன்றிலிருந்து மிஸ்டர் ரோசெல்தான். பிடித்த மீனின் நீளத்தைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர் அவர். மிசிசிப்பி மாநிலம் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொருவர் கிடைப்பாரா என்பது சந்தேகம். அவரிடம் வளர்ந்ததால் எனக்கும் பொய் என்றால் தொண்டையில் முள் மாதிரிதான்.

போன ஜூலையில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மையத்தில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முதலில் மாவட்ட வேன் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டது. செப்டம்பரில் ஒருநாள் வேனிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி நடைபாதை ஓரத்தில் விழுந்தார். தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பினார்கள், அரை நாள் போட்டுவிட்டு ஓடினேன். இனிமேல் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று வேன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. செவ்வாயும் வியாழனும்? நானே காரில் கூட்டிப்போனேன். வாரத்துக்கு இரண்டு அரைப் புள்ளி.

மேற்பார்வையாளர் ஹாலிஸ் ஒருநாள் என் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"என்ன ஜெர்லின், புதுசா ஆளு கீளு புடிச்சிருக்கியா? செவ்வாக்கெழம, வியாழக்கெழம ஆனா மாயமாப் போயிடற?"

"ஆமா. எழுவத்தாறு வயசு. ஒன்னவிட நல்லாவே இருக்காரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மேஜையில் வேலை செய்யும் நீவா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் நானும் ஒரே சர்ச். அவளுக்கு எல்லாம் தெரியும். ஹாலிஸ் நகர்ந்ததும் என் விலாவில் இடித்தாள்.

"அடியே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்றதுக்கென்ன? இன்னும் மூணு அரை நாளு. அதோட ஒன் கதை முடிஞ்சுது. ஆபீஸ்ல போய்க் கேளு, அதுக்குன்னு ஏதோ லீவு இருக்கு. என் சின்னம்மா மவ பிரசவத்துக்கு எடுத்தா."

ஆபீசுக்குப் போனேன். அங்கே ஆட்களின் விஷயங்களைப் பார்க்கிற கோல்பி வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வாத்துப் படம் போட்ட டை கட்டிய நல்ல பையன். "குடும்பத்துல ஒடம்பு சரியில்லாதவங்களப் பாத்துக்கற லீவு இருக்கு மிஸ் ஜெர்லின்" என்று ஒரு தாளை எடுத்து வைத்தான். வருடத்தில் பன்னிரண்டு வாரம். சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது, புள்ளியும் விழாது. மொத்தமாகவும் எடுக்கலாம், பிய்த்துப் பிய்த்து அரை நாள் அரை நாளாகவும் எடுக்கலாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பே லேசானது. தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர்.

"அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

"எதிர்வீட்டுக்காரரு."

பேனா கீழே இறங்கியது. "எதிர்வீட்டுக்காரரா?"

"ஆமா."

"மன்னிச்சுக்குங்க மிஸ் ஜெர்லின். இந்த மூணுல ஒண்ணா இருந்தாத்தான் முடியும்."

வளர்த்தவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் பத்தொன்பது வருடம் காரணம் சொல்லாமல் மரத்துப்போன நாக்கு அது. "சரி" என்று எழுந்து வந்துவிட்டேன். கதவுப் பக்கம் நின்ற ஹாலிஸ் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

"அப்பான்னு ஒரு டிக் போட்டுட்டுப் போறதுதானே? எவன் வந்து பாக்கப்போறான்?" என்றான்.

"பொய் எழுத மாட்டேன்."

"அப்ப வேலைய விடு. நீயும் ஒன் நியாயமும்!"

சரியான கோபம் வந்தது எனக்கு. அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தப் புதன்கிழமை சர்ச்சில் பைபிள் வகுப்பு முடிந்ததும் நீவா மிஸ்டர் ரோசெலிடம் வாயை விட்டுவிட்டாள். எட்டுப் புள்ளி, ஆறரைப் புள்ளி, மூன்று கட்டம், ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், அது எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரைக் கூட்டிப்போகப் போனால், மீன் பிடிக்கிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வண்டியத் திருப்பு. வேலைக்குப் போ" என்றார்.

"என்ன வெளையாட்டு இது? நேரமாச்சு, எந்திரிங்க."

"வெளையாட்டு இல்ல. இனிமே சனிக்கெழம மட்டும் போறேன். அன்னிக்கு ஒனக்கு லீவுதானே."

"வாரத்துக்கு ஒரு நாளு போதும்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் டீக்கன் ரோசெல் டப்ஸ் சொன்னாரு."

நான் அங்கேயே நின்று டயாலிசிஸ் மையத்து நர்ஸ் டவானாவுக்கு போன் போட்டு, அவர் காதில் விழும்படி சத்தமாக வைத்தேன். டவானா சுற்றி வளைக்கிறவள் இல்லை. "மிஸ்டர் ரோசெல், வாரத்துக்கு ஒரு தடவன்னா அடுத்த மாசம் தேங்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு நீங்க இருக்க மாட்டீங்க. அவ்வளவுதான் சொல்வேன்" என்றாள். அவர் தொப்பியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டார்.

"ஜெர்லின், இங்க பாரு. நீ பத்தொம்பது வருஷமா ஒரே எடத்துல நின்ன வேல அது. நான் எழுவத்தாறு வருஷம் நின்னாச்சு. ரெண்டுல எது இன்னும் நிக்கணும்? நீயே சொல்லு."

கெஞ்சினேன், கத்தினேன். அவரைத் தூக்கி காரில் போட என்னால் முடியாது. கடைசியில் வேலைக்குத்தான் போனேன். ஆறு வாரத்தில் முதல்முறையாக ஒரு வியாழக்கிழமை சரியான நேரத்துக்கு என் மேஜையில் நின்றேன். பழுப்பு நிற நாற்காலி ஒன்றின் முதுகு மெத்தைமேல் குனிந்துகொண்டு, துணியை இழுக்கிற மாதிரி பாவனை செய்து அழுதேன். அந்த நாற்காலி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் சாப்பாட்டு அறையில் அறிவிப்பு ஒட்டுகிற சுவர் ஒன்று இருக்கிறது. சர்ச்சு மீன் வறுவல் விருந்து, நாய்க்குட்டி கொடுக்கப்படும், யார் யார் இறந்தார்கள், யார் என்ன சமைத்துக் கொண்டுவருவார்கள் என்று ஒன்றின்மேல் ஒன்றாக எதையாவது ஒட்டிக்கொண்டே இருப்போம். எதையும் கிழிக்க மாட்டோம். நீவா தேங்ஸ்கிவிங் விருந்துக்கான பட்டியலை ஒட்ட இடம் தேடினாள். போன வருடத்துப் பட்டியலின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அதோடு அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முந்தையது, யாரோ மூன்று பேரின் இரங்கல் அறிவிப்பு எல்லாம் ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தன. உள்ளே மஞ்சளாகிப்போன ஓர் அரசாங்க அறிவிப்பு. குடும்ப, மருத்துவ விடுப்பில் தொழிலாளியின் உரிமைகள்.

"இந்தா, இதான்டி அது!" என்றாள் நீவா.

படித்தேன். அங்கேயும் அதே மூன்று பேர்தான். கணவன் மனைவி, பிள்ளை, பெற்றோர். "அதேதான். எதிர்வீட்டுக்காரன்னு எங்கயும் இல்ல" என்று திரும்பினேன். நீவா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

"கீழ ஒரு நம்பர் இருக்கு பாரு. கேட்டா என்ன, கடிச்சா தின்னுருவான்? நான் ஒளறினதாலதான் அந்த மனுஷன் வீட்ல ஒக்காந்துட்டாரு. நீ போன் பண்ணாட்டி நான் பண்ணுவேன்."

காருக்குள் உட்கார்ந்து, பாதி தின்ற சோள ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்கு அடித்தேன். தொழிலாளர் துறையில் ஒரு பெண் எடுத்தாள். கடும் ஜலதோஷம் பிடித்த குரல். தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.

"எதிர்வீட்டுக்காரருக்கு" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள்: "எதிர்வீட்டுக்காரருக்கு எதுக்கும்மா நீங்க லீவு கேக்கறீங்க?"

பத்தொன்பது வருடத்தில் 'எதற்கு' என்று என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. எனக்குள் இருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டது. மெம்ஃபிஸ் பஸ், துணிப்பை, மாப்பு நூல், எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நின்றதும் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சின்ன வயசுல யாரு வீட்ல தூங்கினீங்க?"

"அவரு வீட்ல."

"யாரு சோறு போட்டா?"

"அவருதான்."

"ஒடம்புக்கு முடியலன்னா யாரு பாத்தா?"

"அவருதான். வேற யாரு இருந்தா?"

"அப்ப அவரு ஒங்களுக்குப் பெத்தவர் ஸ்தானம்மா. சட்டம் அப்படித்தான் சொல்லுது. ரத்தபந்தம் வேண்டாம், கோர்ட்டு காகிதம் வேண்டாம். சின்ன வயசுல பெத்தவங்க எடத்துல நின்னு ஒங்கள வளத்தவரு யாரோ, அவருக்கு முடியாதப்ப நீங்க லீவு எடுக்கலாம்."

"எனக்குப் பெத்த அப்பா ஒருத்தரு எங்கயோ இருக்காரே?"

"இருக்கட்டுமே. இத்தன பேருதான் இருக்கணும்னு சட்டத்துல கணக்கு இல்ல."

"அப்ப... அந்தக் கட்டத்துல டிக் போட்டா பொய் இல்லயா?"

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோவில் கட்டலாம். "பொய் இல்லம்மா. நாலு வரி எழுதிக் குடுங்க, இவரு என்ன வளத்தாருன்னு. அது போதும். அவரோட டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிக் குடுங்க. மறுத்தாங்கன்னா திரும்பக் கூப்பிடுங்க" என்றாள். பிறகு ஒரு பெரிய தும்மல். நன்றி சொல்லி வைத்த பிறகுதான் பெயர் கேட்கவில்லை என்பது உறைத்தது. சோள ரொட்டி மடியில் தூள்தூளாகியிருந்தது.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து, மத்தியானம் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். செய்தியை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை விட்டதிலேயே அவர் முகம் ஊதி, கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்ன எழுதற?"

"ஆபீசுக்குக் குடுக்க. நீங்க என்ன வளத்தீங்கன்னு."

"எந்தக் கட்டத்துல போடப்போற?"

"பெற்றோர்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. மேஜையைப் பிடித்து மெதுவாக எழுந்து உள்ளே போனார். பழைய சாவிகள் போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்தார். அடியில் துழாவி, உள்ளங்கை அளவு நீல அட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"இத நீ பாக்கறதுக்கு முன்னாடி நான் செத்துரணும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

திருப்பினேன். எங்கள் பழைய பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, பிப்ரவரி. மாணவி: ஜெர்லின் மேப்ரி. அழைக்க வேண்டியவர்: ரோசெல் டப்ஸ். உறவு முறை என்ற இடத்தில், அவருடைய கோணல் எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தது: தந்தை.

"ஒனக்கு அன்னிக்கு நூத்தி மூணு டிகிரி காச்சல்" என்றார். "வகுப்புல சுருண்டு கெடந்த. நான் அந்த நடையத்தான் தொடச்சுக்கிட்டிருந்தேன். தூக்கிட்டுப் போறேன்னா, பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்த ஒரு அம்மா, பெத்தவங்கதான் கூட்டிட்டுப் போகலாம், அட்டையில ஒங்க பேரு இல்லன்னாங்க. அட்டையக் குடுங்கன்னு வாங்கி எழுதிட்டேன்."

"அந்தம்மாவுக்கு ஒங்களத் தெரியாதா? தெனமும் பாக்கறவங்கதானே?"

"அவங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனா கட்டம்னு ஒண்ணு இருக்கே புள்ள. எழுதினப்புறம் அவங்க என்னப் பாத்தாங்க, நான் அவங்களப் பாத்தேன், கதவத் தெறந்து விட்டாங்க."

"இது எப்படி ஒங்ககிட்ட வந்துச்சு?"

அவர் சாவிகளைக் கிளறினார். "ரெண்டாயிரத்து மூணுல பள்ளிக்கூடத்த மூடினாங்கல்ல. பீரோவெல்லாம் காலி பண்ணச் சொன்னாங்க. ரெண்டு சாயங்காலம் தேடி இத உருவிட்டேன். எவனாவது பாத்து, டீக்கன் இப்படி எழுதியிருக்கானேன்னு கேட்டா? மொதல்ல பொய் சொன்னேன். அப்புறம் பொய்ய மறைக்கத் திருடினேன். நூறு மீனு புடிச்சேன்னு சொல்லியிருந்தாக்கூட இதவிடத் தேவலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் அழுகையாகிப்போனது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். அப்போதுதான் அந்த ஜலதோஷக்காரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இத்தனை பேர் என்று கணக்கு இல்லை என்பதை அவர் இரண்டுமுறை சொல்லச் சொன்னார்.

"அரசாங்கமே அப்படிச் சொல்லுதா?"

"சொல்லுது."

"அப்ப முப்பத்தேழு வருஷமா நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே, அது?"

"திருடினதுக்கு வச்சுக்கச் சொல்லுங்க."

அவர் அட்டையை எடுத்து, துணியால் துடைத்து, என் காகிதத்தின்மேல் வைத்தார். "இதையும் சேத்துக் குடு."

"தேவையில்ல மிஸ்டர் ரோசெல். நாலு வரி போதுமாம்."

"தேவையில்லாட்டியும் குடு. திருட்டுப் பொருள் மாதிரி டப்பாக்குள்ளேயே கெடந்துச்சு. வெளிச்சத்துக்கு வரட்டும்."

திங்கட்கிழமை கோல்பி என் நாலு வரியைப் படித்தான். அட்டையைப் பார்த்ததும் காதுமடல் சிவந்தது. "அன்னிக்கு நீங்க இதச் சொல்லவேயில்லையே மிஸ் ஜெர்லின்."

"நீ கேக்கவேயில்லையே தம்பி."

இருவரும் சொன்னது உண்மைதான். அவன் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்து, இருபது நிமிடம் "ஆமா சார், வளத்தவரு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வைத்துவிட்டுச் சொன்னான்: பதினைந்து நாளுக்குள் டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். செவ்வாயும் வியாழனும் அரை நாள் விடுப்பு. அவர் விழுந்த நாளிலிருந்தே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். ஆறரைப் புள்ளி சுழியமானது. அவனே அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்து, "மொதல் நாளே நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க" என்றான். அவனுடைய நல்ல மனசுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். தப்பை ஒத்துக்கொள்ளாமல் முறைத்துக்கொண்டு திரியும் ஆபீஸ்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே, வேலைக்கு வந்ததும் நாங்கள் வருகை அட்டை அடிக்கிற கடிகாரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, புதிய அறிவிப்பு ஒன்றை மாட்டினான். அதன்மேல் யாரும் நாய்க்குட்டிப் படம் ஒட்ட முடியாது. இரண்டு நாள் கழித்து ஹாலிஸ் என் மேஜைப் பக்கம் வந்தான். இந்த முறை முழங்கையை ஊன்றவில்லை. "என் வீட்டுக்காரிக்கு முதுகுல ஆபரேஷன். அந்த நம்பர் என்ன?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். ஏதாவது குத்திக்காட்டலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. எழுதிக் கொடுத்தேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏடு உதவியது. எந்த அறையில், எந்த மேஜையில், யார் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை எழுதினார்களோ எனக்குத் தெரியாது. பிள்ளையைப் பெறாமலே ஒருவர் வளர்த்திருக்கக்கூடும் என்று அங்கே யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி, சுவரைப் பிய்த்த நீவாவுக்கும் நன்றி. அந்த எண்ணுக்குத் திரும்பவும் கூப்பிட்டேன். ஓர் ஆண் எடுத்தார். ஜலதோஷம் பிடித்த அம்மாவிடம் நன்றி சொல்ல வேண்டும் என்றேன்.

"இங்க எல்லாருக்குமே ஜலதோஷந்தான். என்ன சொல்லணும்?" என்றார்.

"எதிர்வீட்டுக்காரரு நல்லாயிருக்காருன்னு சொல்லுங்க. அவங்களுக்குப் புரியும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் மையத்தில் மிஸ்டர் ரோசெல் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கையில் குழாய்கள், காலில் கம்பளி. நான் வழக்கம்போல நாற்காலியின் ஓரத்தைத் தடவி, "தையல் மட்டம், மூணே வருஷத்துல பிரியும்" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டவானா டாக்டரின் சான்றோடு வந்தாள்.

"இதுல ஒரு எடம் காலியா இருக்கு. இவங்க ஒங்களுக்கு என்ன வேணும் மிஸ்டர் ரோசெல்?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். சர்ச்சில் எழுந்து நின்று பேசும்போது செய்வதுபோல் தொண்டையைச் செருமினார்.

"மக" என்றார்.

டவானா எழுதிக்கொண்டு போனாள். அவர் கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணும்னு ஒனக்கு ஆச இருந்துச்சே. வேணும்னா இப்பக் கூப்பிட்டுக்க. ஒரே ஒரு தடவ."

வாயைத் திறந்தேன். முப்பத்தாறு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. உதடு வரைக்கும் வந்தது. ஆனால் வாய் வளைந்து கொடுக்கவில்லை.

"மிஸ்டர் ரோசெல்" என்றேன்.

"என்ன புள்ள?" என்றார், எனக்கு ஏழு வயதில் கேட்ட அதே குரலில்.

"ஒண்ணுமில்ல. இங்கதான் இருக்கேன்னு சொன்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிப்போனார். இயந்திரம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரை வீட்டில் விட்டு, உப்பில்லாத சூப்பை மேஜையில் வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். என் ஸ்டேப்ளர் நான் மாட்டிவைத்த கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.